ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர் சொல்லாமல் விடுபவை



சென்ற ஆண்டு என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 17 நாட்கள் இருந்தார்கள். பெண்கள் வார்டு என்பதால் ஆண்களுக்கு உள்ளே தங்க அனுமதி இல்லை. என் தங்கை உடனிருந்தார். நான் மாலைப் பார்வை நேரத்தில் சென்று கட்டிலருகே நின்றுவிட்டு வருவேன். மற்ற நேரம் வெளியே தாழ்வாரத்தில், பாய் விரித்துப் படுத்திருக்கும் நூறு பேரில் ஒருவனாக இருப்பேன்.

ஐந்தாம் நாள் மாலை, "அம்மா, அஸர் தொழுதாச்சா?" என்று சும்மா கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கைதான் சொன்னார்: "அம்மா வந்த நாளிலிருந்து தொழவே இல்லை அண்ணே. சிறுநீர் ட்யூப் போட்டிருக்கு, பை தொங்குது, உடம்பே நஜீஸா இருக்கு, இதோட எப்படி அல்லாஹ்வைத் தொழறதுன்னு அழறாங்க."

இருபது ஆண்டுகளாக மிம்பரில் நின்று மார்க்கச் சட்டம் சொல்பவன் நான். நோயாளியின் தொழுகையைப் பற்றி எத்தனையோ பயான் செய்திருக்கிறேன். என் சொந்தத் தாய்க்கு அது போய்ச் சேரவில்லை. பொறுமையின் சிறப்பைப் பேசியிருக்கிறேன், நோய் பாவங்களை உதிர்க்கும் என்று பேசியிருக்கிறேன். சிறுநீர்ப் பையுடன் படுத்திருப்பவர் எப்படித் தொழ வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் விளக்கமாகச் சொன்னதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அதன் பிறகு அந்த வார்டில் இருந்த நம் பெண்கள் சிலரிடம் தங்கை மூலம் விசாரித்தேன். நிலை ஏறக்குறைய ஒன்றுதான். தொழுகையை விட்டவர்கள், "வீட்டுக்குப் போனதும் சேர்த்துத் தொழுதுக்கலாம்" என்று இருந்தவர்கள். ஆகவே சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஹனஃபி மத்ஹபின்படி சொல்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் வேறுபடும் இடங்களைக் குறிப்பிடுகிறேன்.

சிறுநீர் ட்யூப் போட்டவர், அறுவைப் புண்ணிலிருந்து நிற்காமல் கசிபவர் ஆகியோர் மார்க்கத்தில் 'மஃதூர்', அதாவது தக்க காரணம் உடையவர். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும் உளூவுடன் தொழுதுகொள்ளும் அளவுக்குக்கூட அது நிற்கவில்லை என்றால் அவர் மஃதூர் ஆகிவிடுகிறார். ஒவ்வொரு தொழுகை நேரம் வந்ததும் ஒருமுறை உளூச் செய்துகொண்டால் போதும். அந்த நேரம் முடியும் வரை அந்தக் கசிவினால் உளூ முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுத் தொழுகைக்கும் தனித்தனியே உளூச் செய்ய வேண்டும். பை உடம்போடு தொங்குவது தொழுகையைத் தடுக்காது. அதைக் கழற்றுவது நம் கையில் இல்லை. ஆடையிலோ விரிப்பிலோ அசுத்தம் பட்டு, மாற்ற முடியாத நிலையானால் அப்படியே தொழலாம்.

உளூவுக்குப் பாத்ரூம் வரை போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிலிலேயே ஒரு பேசினும் ஒரு மக்கும் போதும், உடனிருப்பவர் ஊற்ற, முகம், கை கழுவித் தலைக்கு மஸஹ் செய்து காலைக் கழுவிவிடலாம். அம்மாவின் ஒரு காலில் கட்டுப் போட்டு எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் போதும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குளிர் நடுக்கம் வந்து, தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாட்களில் தயம்மும். சுத்தமான சுட்ட செங்கல் துண்டு ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். நம் மத்ஹபில் கல், செங்கல் போன்ற மண் இனத்தின் மேல் தூசி இல்லாவிட்டாலும் தயம்மும் கூடும். ஷாஃபிஈ மத்ஹபினர் தூசியுள்ள மண்ணைச் சிறு டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். செங்கல்லைப் பார்த்த நர்ஸ் எதற்கென்று கேட்டிருக்கிறார். தங்கை விளக்கியதும், "பத்திரமா வையுங்க, கிளீன் பண்றவங்க தூக்கிப் போட்டுடுவாங்க" என்று அவரே தலையணை ஓரம் இடம் காட்டினாராம்.

நிற்க முடியாதவர் உட்கார்ந்து, அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்ன வழி. புகாரியில் பதிவாகியுள்ளது. ருகூவையும் ஸுஜூதையும் தலை அசைவால் செய்ய வேண்டும், ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகத் தாழ்த்த வேண்டும். அம்மாவின் கட்டில் தெற்கு வடக்காகக் கிடந்தது. முப்பது கட்டில் உள்ள வார்டில் ஒன்றை மட்டும் மேற்கே திருப்ப முடியாது. உடம்பைத் திருப்பினால் முறிந்த எலும்புக்கு ஆபத்து. அப்படிப்பட்டவர் இருக்கும் திசையிலேயே தொழலாம்.

ஆபரேஷன் நாளில் ஒரு யோசனை. ளுஹரைக் கடைசி நேரத்திலும் அஸரை நேரம் வந்த உடனேயும் தொழுதுகொண்டால் இரண்டும் அதனதன் நேரத்தில் நிறைவேறிவிடும், உளூவும் ஒருமுறையில் முடியும். அஸர் நேரம் வந்ததும் ஒருமுறை உளூச் செய்வது மஃதூருக்கு மட்டும் அவசியம். மயக்க மருந்தில் விடுபட்ட தொழுகையை விழித்த பின் களாச் செய்ய வேண்டும்.

அடுத்தது, பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்று. அம்மாவை எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது மேலே போர்த்திய துணி நழுவியிருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே அரை மணி நேரம் அந்த வழியில் போவோர் வருவோர் மத்தியில் கிடந்தார்கள். தள்ளிவந்த ஊழியர் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தங்கை பில் கட்டும் இடத்துக்கு ஓடியிருந்தார். எந்த நோயாளியின் உடனிருந்தவர் என்று தெரியாத ஒரு சகோதரி, மாற்று மதத்தவர், நெற்றியில் குங்குமத்தோடு இருந்தவர், தன் சேலை முந்தானையை விரித்து அம்மாவுக்கு மறைப்பாக நின்றிருக்கிறார். அம்மா அந்தப் பெண்ணுக்காக இன்றும் துஆச் செய்கிறார்கள்.

ஆண் டாக்டர் பெண் நோயாளியைத் தொட்டுச் சோதிப்பது கூடுமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாட வேண்டும். கிடைக்காவிட்டால் தேவையான இடத்தைத் தேவையான அளவு ஆண் மருத்துவர் பார்க்கலாம், துணைக்கு ஒருவர் உடனிருப்பது நல்லது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் "லேடி டாக்டர் வரட்டும்" என்று காத்திருப்பது மார்க்கம் கேட்காத ஒன்று. நபியின் காலத்துப் போர்க்களங்களில் உம்மு அதிய்யா (ரலி), ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற பெண்கள் காயம்பட்ட ஆண்களுக்கு மருந்திட்டிருக்கிறார்கள். அதே சமயம், மறைப்புத் திரை கேட்பதும், ஈ.சி.ஜி. எடுக்கப் பெண் ஊழியர் கேட்பதும், ஒரு போர்வை கேட்பதும் நோயாளியின் உரிமை. பல நேரம் நாம் கேட்பதில்லை, கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படுகிறோம். தங்கை மறுநாள் ஸ்கேனுக்குப் போகும்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்ஷீட்டை நான்கு முனையிலும் ஸ்ட்ரெச்சர் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டார். பிரச்சினை தீர்ந்தது.

அந்த 200 ரூபாய் விஷயம். சிகிச்சை இலவசம்தான். ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ள, கட்டில் விரிப்பு மாற்ற, பிறந்த குழந்தையைக் காட்ட என்று சில இடங்களில் கை நீட்டுகிறார்கள். வாங்குவது லஞ்சம், ஹராம். தன் உரிமையை அடைய வேறு வழியே இல்லாமல் நிர்ப்பந்தத்தில் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவர் மீதே குற்றம் என்று மார்க்க அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டு முதல் நாளே நோட்டை நீட்டி "நம்மளக் கவனிச்சுக்கங்க" என்பது வேறு. அது வரிசையில் நிற்கும் இன்னொரு ஏழையின் இடத்தைப் பறிப்பது. கட்டாயப்படுத்திக் கேட்டால் ஆர்.எம்.ஓ. அலுவலகம் என்று ஒன்று ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் உண்டு. நேரில் போய் எழுதிக் கொடுக்கலாம். நான் கொடுத்தேன். அந்த ஊழியர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பிறகு அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

குறைகளை மட்டும் சொல்லிப் போனால் அநியாயம். இரவு 2 மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இறைத்தபோது ஓடிவந்த இளம் டாக்டர் 25 வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அதற்கு முந்தைய நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. காலை ரவுண்ட்ஸில் வரும் பெரிய டாக்டர் ஒரு நோயாளியிடம் இரண்டு நிமிடம்தான் நிற்கிறார் என்பது எல்லாக் குடும்பங்களின் மனக்குறை. அந்த இரண்டு நிமிடத்தை நாமும் வீணாக்குகிறோம். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்டால் பதில் கிடைக்கிறது. நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டால் அவர் நகர்ந்துவிடுகிறார். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது, என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். நோயாளி சுயநினைவோடு இருந்தால் அவரிடமும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெண்களின் நோயைப் பற்றி அவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

ஆபரேஷன் எங்களுக்கு மூன்று நாள் தள்ளிப்போனது. காரணம் மருத்துவமனை இல்லை. எலும்பில் பொருத்தும் உபகரணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இந்தத் திட்டம் உதவுகிறது. அரசு மருத்துவமனையிலும் பயன்படும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பயன்படும். எங்களிடம் கார்டு இல்லை. எடுக்கப் போனால் ரேஷன் கார்டில் அம்மா பெயர் 'பீவி', ஆதாரில் 'பீ'. நம் சமுதாயப் பெண்களின் பெயர் எந்த இரண்டு ஆவணத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வருமானச் சான்றிதழ், கலெக்டர் அலுவலகம், மறுபடி மருத்துவமனை என்று அலைந்தோம். அந்த மூன்று நாளும் அம்மா எடை கட்டிய காலோடு கிடந்தார்கள். இதைப் படிப்பவர்கள் இன்றே தம் பெற்றோரின் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் வந்த பிறகு அல்ல. ஜமாஅத் நிர்வாகங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஹல்லாவில் முகாம் போட்டுப் பெயர்த் திருத்தத்துக்கு உதவினால், பைத்துல்மாலில் இருந்து பிறகு கொடுக்கும் பல ஆயிரங்கள் மிச்சமாகும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தனித் திட்டம் உள்ளது, அதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. 108 ஆம்புலன்ஸுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நகையை விற்றுத் தனியாரில் சேர்த்து, பணம் தீர்ந்ததும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களை அந்தத் தாழ்வாரத்தில் நிறையப் பார்த்தேன். "ஜி.எச்.சுக்குப் போனா பொணமாத்தான் வரணும்" என்ற பேச்சு நம்மிடையே இன்னும் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் கொண்டுபோனால் அப்படித்தான் ஆகும். பிறகு அதையே சாட்சியாகச் சொல்கிறோம்.

இனி, பார்க்கப் போகிறவர்கள். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிமின் மீதுள்ள கடமைகளில் ஒன்று. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோதும் நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று பார்த்தார்கள். போர்க் காயம்பட்ட ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள், அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வசதியாக. இந்த ஸுன்னத்தை நாம் எப்படி நிறைவேற்றுகிறோம்? ஜும்ஆ முடிந்து வேன் பிடித்துப் பதினைந்து பேர் போகிறோம். செக்யூரிட்டியுடன் சண்டை. கட்டிலின் மேல் உட்காருகிறோம். "இதே மாதிரி விழுந்துதான் எங்க மாமி மவுத்தாப் போனாங்க" என்று ஆறுதல் சொல்கிறோம். பிரியாணிப் பொட்டலத்தைத் திறக்கிறோம், பக்கத்துக் கட்டிலில் வயிற்று ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவைப் பார்க்க வந்தவர்களில் அவர்களுக்கு மிகவும் பிடித்தவர் ஒரு தூரத்து உறவுப் பெண். வந்தார், நெற்றியில் கை வைத்து ஷிஃபாவுக்கு துஆச் செய்தார், தங்கையை வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வரச் சொல்லி அந்த இரவு முழுவதும் அவர் உட்கார்ந்திருந்தார். உடனிருப்பவர்களை யாரும் நினைப்பதில்லை. பத்து நாள் தரையில் படுத்தவருக்கு ஒரு வேளை உணவு கொண்டுபோவது, ஒரு இரவு மாறிக்கொள்வது, பதினைந்து பேர் பார்த்துவிட்டு வருவதைவிட மேல்.

டிஸ்சார்ஜ் நாளில் ஒரு விஷயம் கவனியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள், எந்த மாத்திரை எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்று எல்லாவற்றையும் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு, செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பெயர் புரியாவிட்டால் நர்ஸிடமே கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வந்த மறுநாள் என்னை அழைத்து, விடுபட்ட நான்கு நாள் தொழுகை எத்தனை என்று கணக்குக் கேட்டார்கள். வித்ரையும் சேர்த்து 24 என்றேன். காலண்டரின் பின்பக்கத்தில் 24 கோடுகள் போட்டு, தொழுது முடிக்க முடிக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள்.