வான்கம்பிக்கு ஒரு காவல்

ஹாம் வானொலி பொழுதுபோக்கு மட்டுமன்று. ஆபத்தில் உதவும் தோழனுமாகும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைத்திருந்த திருமதி பாரதி பிரசாத் குழுவினர் மக்களின் செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பினர். புயலுக்கு அஞ்சி வாழும் எங்கள் காட்டுப்பள்ளி, எண்ணூர்க் கரையிலும் இத்தகைய நிலையங்கள் பயன்தரும். ஆனால் உதவ வேண்டிய நாளில் மின்னல் அக்கருவியை எரித்துவிட்டால் என்ன பயன்?

மின்னலின் மின்னோட்டம் பொதுவாக ஏறத்தாழ 30,000 ஆம்பியர். அதை நம்மால் தடுக்க இயலாது. நிலத்திற்குச் செல்ல நல்ல வழி அமைக்கலாம். இதுவே 'எர்த்' செய்வதன் நோக்கம்.

வான்கம்பிக் கம்பத்திலிருந்து தடித்த செப்புப் பட்டை, கூரிய வளைவின்றி, குறுகிய வழியில் நிலத்தில் இறங்க வேண்டும். வான்கம்பியின் கேபிள் வீட்டிற்குள் நுழையுமுன் மின்னல் தடுப்பானை இணைத்து, அதையும் எர்த் செய்ய வேண்டும். கடற்கரையின் உலர்ந்த மேல்மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே எர்த் கம்பி ஈரமண் வரை இறங்க வேண்டும். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்குமாதலால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் சோதித்தல் அவசியம்.

வானொலிக்குத் தனி எர்த் போதும் என்று சிலர் எண்ணுவர். இது ஆபத்தானது. நாம் வகுப்பில் படித்த ஓம் விதியை நினைவுகூர்வோம். எர்த்தின் மின்தடை 5 ஓம் எனில், 30,000 ஆம்பியர் பாயும்போது அங்கே 1,50,000 வோல்ட் எழும். வீட்டு எர்த் தனியே இருந்தால், இரண்டிற்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் கருவியின் வழியே மின்னோட்டம் பாயும். அதைத் தொட்டிருப்பவர் உயிரும் போகலாம். எல்லா எர்த்துகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் இவ்வேறுபாடு பெரிதும் குறையும். இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும்.

இத்தனை செய்தும் முழுப் பாதுகாப்பு இல்லை. மழைமேகம் திரளுமுன்பே வான்கம்பிக் கேபிளையும் மின்இணைப்பையும் கழற்றிவிடுவதே சிறந்தது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 3 வினாடி சென்றால் தொலைவு சுமார் 1 கிலோமீட்டர். இடி கேட்டபின் கேபிளைத் தொடலாகாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்திருப்போம்.

இடி மின்னலின்போது புனித பார்பராவின் துணையை வேண்டுவது கத்தோலிக்கர் வழக்கம். ஆயினும் ஆலயக் கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கியும் வைக்கிறோம். செபமும் முன்னெச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வருமுன் காப்போம், பிறருக்கு உதவக் காத்திருப்போம்!