கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு போடும் சிறு விவசாயிக்கு மொத்தமாகப் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆலை பணம் தரும்வரை கடன், அடகு என்றே குடும்பம் ஓடும். இந்த இடைவெளியைத்தான் பொருளாதாரமும் உளவியலும் சேர்ந்து ஆராய்ந்தன. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோரின் முடிவுகள் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின.

54 கிராமங்களில் 464 விவசாயிகள். ஒரே ஆளுக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதனை. வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம்தான். பட வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையில், வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள், பின்பு 5.45. படிப்பறிவு குறைந்தவர்களுக்கென்று கவனச் சோதனையையும் மாற்றி அமைத்தார்கள். '5 5 5' என்று காட்டினால், எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதை, அதாவது மூன்று என்று சொல்ல வேண்டும். அதிலும் வெட்டுக்கு முன் நேரம் கூடியது, பிழையும் கூடியது.

பருவம்தான் காரணமோ என்று கேட்கலாம். ஆலைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தருவதில்லை. மாதக்கணக்கில் முறைவைத்துத்தான் தருகின்றன. ஆகவே, ஒரே வாரத்தில் பணம் வாங்கியவரும் காத்திருப்பவரும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தார்கள். கிராமத்தின் நடைமுறை தெரியாமல் இந்த ஆய்வை வடிவமைத்திருக்க முடியாது. சிந்தனையை அளக்கத் தெரியாமலும் முடியாது.

ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது என்ற பழைய பேச்சுக்கு இது வலுவான மறுப்பு. ஆள் மாறவில்லை, கைப்பணம்தான் மாறியது.

ஆனால் கேள்விகளும் எழுந்தன. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்த கார்வாலோ, மையர், வாங் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் சிந்தனைத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. சில நாள் கழித்து நிச்சயம் வரும் சம்பளமும், ஆண்டெல்லாம் எதிர்பார்த்திருக்கும் கரும்புப் பணமும் ஒன்றல்ல. எந்த வறுமை, எவ்வளவு காலம் என்பதைச் சமூகவியல் சொல்லாமல், மூளையைப் பற்றிய முடிவு முழுமையாகாது. பின்னர் ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வில் உற்பத்தி கூடியது, தவறு குறைந்தது.

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். நிலுவைக்காக விவசாயிகள் போராடும் நிலை இன்னும் தீரவில்லை. தாமதத்தை வட்டியாக மட்டும் கணக்கிடாமல், விவசாயியின் சிந்தனைக்கு ஏற்படும் இழப்பாகவும் அரசு பார்க்க வேண்டும். அந்த 14 நாள் கெடுவைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும்.