கடலில் பறக்கும் நத்தை
(பத்தாம் வகுப்பு மாணவி)

நத்தை பறக்குமா? சிரிக்காதீர்கள், தோழியரே! மழைக்காலத்தில் நம் தோட்டச் சுவரில் ஊர்ந்து செல்லும் நத்தையை நான் சொல்லவில்லை. வட துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடல்களில் சிறகடித்துச் செல்லும் நத்தை ஒன்று வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் லிமாசினா ஹெலிசினா. 'கடல் வண்ணத்துப்பூச்சி' என்பது அதன் செல்லப் பெயர்.

உருவத்தில் அது மிளகளவுதான் இருக்கும். மற்ற நத்தைகள் ஊர்வதற்குப் பயன்படும் பாதம், இதற்கு இரண்டு சிறகுகளாக மாறியுள்ளது. பூச்சிகள் காற்றில் பறப்பதைப் போலவே இது சிறகுகளை எட்டு வடிவில் வீசி நீந்துகிறது என்று 2016ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். பசித்தால் சளியினால் ஒரு வலை விரிக்கும். அதில் ஒட்டும் நுண்ணுயிர்களை வலையோடு சேர்த்தே விழுங்கிவிடும்!

இதன் ஓடு கண்ணாடியைப் போல் மெல்லியது. பெரும்பாலான நத்தை ஓடுகள் சுருளும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். நம்மவர்கள் அபூர்வமெனப் போற்றும் வலம்புரிச் சங்கு சுருளும் அதே பக்கம்தான். ஆனால் நம் சங்கின் உறுதி இதற்கு ஏது?

எங்கள் அறிவியல் ஆசிரியை ஒருநாள் முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டினார். குமிழிகள் எழும்பின. மறுநாள் பார்த்தால் ஓடு கரைந்து மெல்லிய தோல் மட்டுமே மிஞ்சியிருந்தது. முட்டை ஓடும் நத்தை ஓடும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவையே. அதிலும் லிமாசினாவின் ஓடு, எளிதில் கரையும் அரகோனைட் வகையைச் சேர்ந்தது.

நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்த நீர் அதை இன்னும் அதிகமாக ஏற்கும். அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு இப்போது சுமார் 8.1. கடல் வினிகராகிவிடவில்லை; இன்னும் காரத்தன்மை உடையதுதான். 0.1 தானே என்று நானும் நினைத்தேன். அமிலத்தன்மை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியதாக அதற்குப் பொருளாம்!

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கடலில் இந்த நத்தைகளைப் பிடித்து ஆராய்ந்தார்கள். கரையோரப் பகுதியில் கிடைத்தவற்றில் 53 சதவீதத்தின் ஓடுகள் கடுமையாக அரிக்கப்பட்டிருந்தன. ஹெர்ரிங், சால்மன் போன்ற மீன்களுக்கு இந்த நத்தை நல்ல இரை. அம்மீன்களைப் பிடித்துப் பிழைக்கும் மனிதர்கள் அக்கரைகளில் ஏராளம்.

நத்தையும் சும்மா இருப்பதில்லை. வெளிப்புறம் சேதமானால், நாம் கிழிந்த பாவாடைக்கு உட்புறம் ஒட்டுப் போடுவதுபோல், உள்ளிருந்தே ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்குத் தேவையான சக்தியையும் அது சளி வலையில் சிக்கும் இரையிலிருந்தே பெற வேண்டும்.