அடுத்த வருஷம் பாருங்கள்!

கல்லூரித் திடல்களில் போட்டி முடிந்து கலையும் கூட்டத்தினிடையே தவறாமல் நம் காதில் விழும் சொற்கள் மூன்று: "அடுத்த வருஷம் பாருங்கள்!" வென்ற அணியினர் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு இந்த வருஷமே போதுமானது. கடைநிலையில் கிடக்கும் அணியினரும் சொல்வதில்லை. அவர்கள் ஆட்டம் பார்க்கவே வருவதில்லை. நேற்றுவரை எவராலும் மதிக்கப்படாது, இவ்வாண்டு அரையிறுதிவரை ஏறிவந்து, இரண்டு புள்ளியில் தோற்ற அணி ஒன்று உண்டே, அதன் ஆதரவாளர்தாம் இப்படிச் சொல்வர். சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் பேருந்துக்காகக் காத்து நிற்கும் மாணவரருகே சற்று நின்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவன் ஆறடிக்கு மேலாம். வெளியூரிலிருந்து நல்ல பயிற்றுநர் வரப்போகிறாராம். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் இவ்வாண்டோடு படிப்பை முடிக்கிறானாம். பேருந்து காவிரிப் பாலத்தைக் கடப்பதற்குள் கோப்பையும் கைக்கு வந்துவிடுகிறது.

இதைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. காவிரிக் கரையில் வாழும் நமக்கு இந்த மனநிலை புதிதன்று. மேட்டூரில் நீர் இருப்பின் ஜூன் 12ஆம் நாள் அணை திறப்பது வழக்கம். நீர் இருக்குமா, திறப்பார்களா என்று தெரியாத நாளிலேயே நம் உழவர் நாற்றங்காலுக்கு இடம் பார்த்துவிடுகின்றனர். ஆற்றில் மணல் மட்டுமே தெரிந்த ஆண்டுகளிலும் ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு மக்கள் வந்தே இருக்கின்றனர்.

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அவற்றுள் நடுவில் நிற்கும் நம்பிக்கையைப் பற்றிப் புனித தோமாஸ் அக்குவினார் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். நம்பிக்கை என்னும் உணர்வு நாடும் பொருள் நல்லதாக இருக்க வேண்டும். இன்னும் கைக்கு வராததாக இருக்க வேண்டும். எளிதில் கிட்டாததாக, ஆயினும் கிட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதோடு நில்லாமல், இளைஞரிடமும் குடிபோதையில் இருப்போரிடமும் இவ்வுணர்வு மிகுந்திருக்குமா என்றும் ஒரு வினாவை எழுப்பி, ஆம் என்று விடை தருகிறார். இளைஞனுக்கு எதிர்காலம் நீண்டது, கடந்த காலம் குறுகியது. இடறி விழுந்து பழகாதவன் எதையும் இயலும் என்றே எண்ணுவான். குடித்தவனுக்கோ தன் குறையும் எதிரில் உள்ள ஆபத்தும் தெரிவதில்லை. விளையாட்டு ரசிகர்களை அம்மகான் கண்டதில்லை. கண்டிருந்தால் மூன்றாவதாக அவர்களையும் சேர்த்திருப்பார் என்பது நம் துணிபு.

ரசிகனது நம்பிக்கைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உழவன் நம்புகிறான், அவனே உழுகிறான். மாணவன் தேர்வில் வெல்வேன் என நம்புகிறான், அவனே கண்விழித்துப் படிக்கிறான். ரசிகனோ நம்புவதை மட்டும் தான் வைத்துக்கொண்டு, கடினமான பகுதி முழுவதையும் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவனின் தோளில் ஏற்றிவிடுகிறான். நம் மனத்தை உறுத்துவது இதுவே.

கூடைப்பந்து கிறிஸ்தவ இளைஞர் கழகத்தில் பிறந்த ஆட்டம். 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், இறையியலும் கற்றிருந்த ஜேம்ஸ் நெய்சுமித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத 18 மாணவரை அடக்குவதற்காக இதனை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். கூடைக்கு அடிப்பகுதி இருந்தமையால், பந்து விழுந்தால் ஒருவர் ஏறி எடுத்துத் தர வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து என்பர். அதே ஸ்பிரிங்பீல்டுப் பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920இல் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர் பலர் அங்குப் பயிற்சி பெற்றவர்களே. இன்று பள்ளி முற்றங்களில் இரும்பு வளையம் தொங்குவதற்கு அவர்களே பெரிதும் காரணர்.

அமெரிக்காவில் இவ்வாட்டத்தைக் கத்தோலிக்கக் கல்லூரிகள் தமதாக்கிக்கொண்டன. பெரிய மைதானமும் பெருஞ்செலவும் வேண்டாத ஆட்டம். ஐந்து நல்ல பிள்ளைகள் இருந்தால் சிறிய கல்லூரியும் பெரிய பல்கலைக்கழகத்தைக் கலங்கடிக்கலாம். நாம் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனித அலோசியுஸ் கொன்சாகாவின் பெயரைத் தாங்கிய இயேசு சபைப் பல்கலைக்கழகம் ஒன்று ஸ்போக்கேன் என்ற ஊரில் உள்ளது. கொள்ளைநோயாளரைப் பேணி 23 வயதில் உயிர்நீத்த அந்த மென்மையான புனிதரின் பெயரைப் பல்லாயிரவர் தொண்டை கிழியக் கூவுவதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. அந்த அணி 2017லும் 2021லும் இறுதி ஆட்டம்வரை வந்து தோற்றது. 2021இல் அதற்குமுன் ஆடிய 31 ஆட்டங்களிலும் வென்றிருந்தது என்பதை அறிந்தால், அவ்வூர் ரசிகர்களின் "அடுத்த வருஷம்" எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

ஆயினும் நம் கதைக்கு ஏற்றது சிக்காகோ நகர் இலயோலா பல்கலைக்கழகம். சென்னை இலயோலாவின் பெயரையே கொண்டது. அதுவும் இயேசு சபையாருடையது. இந்த அணி 1963இல் தேசிய வாகை சூடியது. அவ்வாண்டு அணியின் முதல் ஐவரில் நால்வர் கறுப்பின இளைஞர். வெள்ளை நிறவெறியர் அவர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் எழுதினர். அடுத்து எதிர்கொள்ள வேண்டியது மிசிசிப்பி மாநில அணி. கறுப்பரோடு ஆடலாகாது என்பது அம்மாநிலத்தின் எழுதாச் சட்டம்; நீதிமன்றத் தடையாணையும் பெறப்பட்டது. அந்த வெள்ளை மாணவர்களும் அவர்களுடைய பயிற்றுநரும் என்ன செய்தனர் தெரியுமா? ஆணை கைக்கு வந்து சேருமுன் ஊரைவிட்டு நழுவினர். மார்ச் 15 அன்று இரு அணித் தலைவர்களும் கைகுலுக்க, ஒளிப்படக் கருவிகளின் மின்னல் வெட்டியது. இலயோலா 61–51 என வென்றது. மிசிசிப்பித் தலைவர் ஜோ டான் கோல்டு 2011இல் இறந்தபோது, இலயோலாத் தலைவர் ஜெரி ஹார்க்னெஸ் அடக்கச் சடங்குக்குச் சென்றார். சவப்பெட்டியின் அருகே அந்தக் கைகுலுக்கலின் படம் வைக்கப்பட்டிருந்தது.

இதைத் தொலைநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்வோர் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிக்கொண்ட வரலாறு நம் திருச்சிக்கும் உண்டு. ஐந்து பேர் ஒரு பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தில், இவனுக்குத் தருவேன், அவனுக்குத் தரமாட்டேன் என்று பார்ப்பவன் தோற்றே போவான்.

அந்தப் புகழ் மங்கிற்று. 1985க்குப் பிறகு தேசியப் போட்டிக்குள் நுழையவே இலயோலாவுக்கு 33 ஆண்டுகள் பிடித்தன. 2011இல் போர்ட்டர் மோசர் என்பவர் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் வென்ற ஆட்டங்கள் 7 மட்டுமே. அவர் வந்து சேர்ந்தபோது மேசைமீது ஒரு குறிப்பேடு காத்திருந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரனின் பலமும் பலவீனமும் அதில் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் ஓர் அருட்சகோதரி. அப்போது அவருக்கு வயது 90க்கு மேல்.

ஜீன் டோலோரஸ் ஷ்மிட் சகோதரி 1919இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், 1937இல் கன்னியர் மடம் புகுந்தவர், ஆசிரியை. 1994இல் ஓய்வு பெறவிருந்த அவரை, கூடைப்பந்து மாணவர்களின் மதிப்பெண்களை உயர்த்த உதவுமாறு பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டது. ஆம், அவர் பணி தொடங்கியது வெற்றிக்காகச் செபிப்பதில் அன்று. தேர்வில் தவறும் பிள்ளைகளைக் கரையேற்றுவதில்! பின்னரே அவர் அணியின் ஆன்ம வழிகாட்டியானார். ஆட்டத்திற்குமுன் அவர் சொல்லும் செபம் வேடிக்கையானது. எவருக்கும் காயம்படாதிருக்கவும், நடுவர் நீதியாகத் தீர்ப்பிடவும் இறைவனை வேண்டிவிட்டு, அதே மூச்சில் எதிரணியில் எவனைக் கவனமாக மறிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்கு மின்னஞ்சலில் பாராட்டும் திருத்தமும் போய்ச் சேரும்.

2018இல் அந்த அணி கண்விழித்தது. மயாமியை 64–62, டென்னசியை 63–62, நெவாடாவை 69–68 என்று வென்றது. மூன்று ஆட்டங்களிலும் சேர்ந்து வெற்றி வித்தியாசம் 4 புள்ளிகளே! இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வந்த 98 வயதுச் சகோதரியின் முகம் உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. பிறகு கான்சாஸ் மாநில அணியையும் வென்று கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாகி, மிச்சிகனிடம் 69–57 எனத் தோற்றது. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. போட்டி தொடங்குமுன் யார் யார் எதுவரை வருவர் என்று சகோதரியும் கணித்து எழுதியிருந்தார். தம் அணி மூன்றாம் ஆட்டத்தில் தோற்கும் என்பது அவர் கணிப்பு! பிள்ளைகளை மனமார நேசித்தவர், ஆனால் அவர்களால் எவ்வளவு இயலும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கணிக்கவில்லை. பிள்ளைகள் அவர் கணக்கைப் பொய்யாக்கினர். அவரைவிட அதில் மகிழ்ந்தவர் எவரும் இலர்.

ஏறும் அணிக்கு என்ன நேருமோ அதுவே பின்னர் நேர்ந்தது. 2021இல் மோசர் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் அழைப்பை ஏற்றுச் சென்றுவிட்டார். 2022–23இல் வலிமை மிக்க புதிய அணிவரிசையில் சேர்ந்த இலயோலா 10 ஆட்டங்களில் வென்று 21இல் தோற்றது. மறு ஆண்டே 23 வெற்றிகள். "அடுத்த வருஷம் பாருங்கள்" என்றவர்கள் சில வேளைகளில் சரியாகவும் சொல்லிவிடுகின்றனர். ஜீன் சகோதரி 2025 அக்டோபர் 9ஆம் நாள், தமது 106ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி, 1923 முதல் பெண்களுக்குக் கல்வி தரும் சிலுவைக் கல்லூரி, இன்னும் பிஷப் ஹீபர், ஜமால் முகமது, தேசியக் கல்லூரி என நம் நகரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சென்னை இலயோலாவில் அதன் நிறுவனர் பெர்ட்ராம் அடிகளார் நினைவாக நடைபெறும் போட்டிகளில் கூடைப்பந்தும் ஒன்று. அங்கே ஆடி வந்தேன் என்பதைப் பேரன் பேத்திகளிடம் சொல்லிப் பெருமைப்படும் பெரியவர்கள் நம் பங்குகளில் உண்டு. ஆயினும் இந்திய அணி ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது 1980 மாஸ்கோவில் ஒரே ஒரு முறைதான். அதிலும் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. அமெரிக்காவில் 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரைக் கொண்டு பொருளீட்டவும் வழி திறந்துவிட்டது. இங்கே பந்தாடிப் பிழைக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்வது பெற்றோர்க்கு எளிதன்று.

வழியே இல்லை என்றும் சொல்லற்க. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். தென்னக இரயில்வேயில் பணி பெற்றார். 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். "பெண்பிள்ளைக்கு எதற்குப் பந்து?" என்று கேட்கும் தந்தையர் அவரைப் பற்றித் தம் மகளிடமே கேட்டறியலாம்.

ஆனால் ஓர் அனிதாவுக்குப் பின்னால், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதியில் சோறும் பெற்றுச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் முழங்கால் முறுக்கிக்கொண்டு, திடலை விட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளுள் பலர் சிற்றூர்களிலிருந்து வருபவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவர். போட்டிக்காக வாரக்கணக்கில் வெளியூர் சென்று திரும்பும்போது பாடங்கள் மலைபோல் குவிந்திருக்கும். அரையிறுதியில் அவர்களைத் தோளில் தூக்கிய கூட்டம், ஆங்கிலத் தாளில் தவறியபோது எங்கே சென்றது என்று தெரியவில்லை. புனித சின்னப்பர் பந்தயத்தில் ஓடுவோரை விசுவாச வாழ்வுக்கு உவமையாக்கினார். காலரியில் அமர்ந்திருப்போருக்கு அவர் வாகை எதையும் குறிப்பிட்டதாக நாம் அறியோம்.

ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கின்றன. அணியின் புதிய பிள்ளை எவ்வளவு உயரம் என்று விசாரிப்பவர், அவன் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்பதையும் விசாரிக்கட்டும். திருச்சி, திருவரங்கம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள் ஏராளமாக உள்ளனர். மாலைப் பயிற்சி முடிந்தபின், வாரத்தில் இருநாள், விடுதி முற்றத்தில் ஒரு மணி நேரம் போதும். வயதாகிவிட்டதே என்று தயங்குவோர்க்கு ஒரு செய்தி: சிக்காகோவில் ஜீன் சகோதரி இந்த வேலையைத் தொடங்கிய ஆண்டில் அவருக்கு 75 வயது நிறைந்தது.