விரல் தரும் சுருதி, வாய் தரும் சொல்

கோயில் கொடை மேடையிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் கீபோர்டு வாசிக்கும் குமரி மாவட்ட இளைஞர்களே, இந்தத் தகவல் உங்களுக்கு!

வாத்தியமே வாய் திறந்து பாடுவது போன்ற குரலைக் கேட்டிருப்பீர்கள். அதைத் தருவது வோகோடர். தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1928-ல் தொடங்கிய ஆய்வின் பலன் அது. இசைக்கு வந்தது பிறகுதான்.

மைக்கில் நீங்கள் பேசும் குரலை அது பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரிக்கும். எந்தப் பட்டையில் எவ்வளவு ஓசை என்று கணத்துக்குக் கணம் அளந்து, அதே அளவில் கீபோர்டின் ஒலியைக் கூட்டும், குறைக்கும். 2002-ல் வந்த மைக்ரோகோர்க் கீபோர்டில் இப்படி 8 பட்டைகள்.

சுருதி முழுக்க விரலில் இருந்தே வருகிறது. கட்டையை அழுத்தாமல் பேசினால் பாட்டு வராது. ஆகவே கார்டைப் பிடித்துக்கொண்டே பேசுங்கள். புல்லாங்குழல் போன்ற மெல்லிய டோன் இதற்குப் போதாது. கரகரப்பான சாடூத் டோன்தான் சொல்லைத் துலக்கும். மைக் வாயருகே இருக்கட்டும். ஸ்பீக்கர் சத்தம் அதில் புகுந்தால் சொல் குழம்பிவிடும். 'ச', 'ப', 'ட' எழுத்துகளைச் சற்று அழுத்தியே சொல்லுங்கள்.