இரண்டடித் தொட்டியில் ஒரு குடித்தனம்

கொல்கத்தாவில் குடியமர்ந்துவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களில் மீனை உண்ணாதவர் பலர் உண்டு. மீனைக் கண்டு மகிழாதவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், "வீட்டில் சிறு தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம், அதில் என்ன மீன் விடலாம்?" என்று அன்பர்கள் வினவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாம் மீனியல் கற்றவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் பொழுது போக்கும் எழுத்தர். ஆயினும், இவ்விஷயத்தில் பணத்தையும் இழந்து, பெற்ற மகளின் கண்ணீரையும் கண்டவர் என்ற உரிமை பற்றி இதனை எழுதத் துணிந்தோம்.

நம் குடியிருப்பின் முன்னறை சிறிது. மாற்றல் உத்தரவு வந்தால் உடன் கொண்டு செல்லவும் வேண்டும். ஆகவே இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியை வாங்கினோம். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் 45 லிட்டர் நின்றால் பெரிது. கடைக்காரர் ஒருவர் ஐந்து குஞ்சுகளைப் பொறுக்கித் தந்தார்: ஆஸ்கர் ஒன்று, ஏஞ்சல் இரண்டு, மலாவி ஏரியின் மஞ்சள் மீன் இரண்டு. "எல்லாம் சிக்லிட், ஒரே குடும்பம், சண்டை வராது" என்றார். ஒரே குடும்பமாதலால் சண்டை வராது என்று நம்பியது, கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அடாத பேதைமையே!

முதல் இரவே மஞ்சள் மீன்கள் ஏஞ்சல்களின் நீண்ட துடுப்புகளைக் கடிக்கத் தொடங்கின. மூன்றாம் வாரம் ஏஞ்சல் ஒன்று மாண்டது; மற்றொன்று ஃபில்டருக்குப் பின்னே ஒடுங்கிக் கிடந்தது. இரண்டங்குலமாக வந்த ஆஸ்கரோ மாதத்துக்கு ஓரங்குலம் வீதம் வளர்ந்தது. ஒருநாட் காலை மஞ்சள் மீன்களுள் சிறியதைக் காணவில்லை. நம் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்குப் புறப்படுமுன் நாள்தோறும் மீன்களை எண்ணுவாள். "ஒன்று குறைகிறதே, அப்பா?" என்றாள். கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் என்று பொய் கூறினோம். மறுநாளும் அவள் எண்ணினாள்.

பிறகுதான் நூல்களைப் புரட்டினோம். சிக்லிட் என்பது 1,700க்கும் மேற்பட்ட இனங்களை உடைய பெருங்குடும்பம். ஊர்க் குளங்களில் பிடிபடும் ஜிலேபி கெண்டையும், கேரளத்தார் விருந்தில் படைக்கும் கரிமீனும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அமேசான் காட்டாறுகளில் வாழ்வன சில. ஆப்பிரிக்காவின் மலாவி, தாங்கனிக்கா ஏரிகளில் வாழ்வன பல. அமேசான் நீர் மென்மையானது, சற்றே அமிலத் தன்மை உடையது. மலாவி நீரோ கடினமானது, காரத் தன்மை உடையது. ஒன்றுக்கு ஏற்ற நீர் மற்றொன்றுக்கு ஏலாது. நாம் இரு கண்டத்து மீன்களை ஒரே தொட்டியில் அடைத்து, அவை ஒத்து வாழ வேண்டுமென்று எதிர்பார்த்திருக்கிறோம்!

நீருக்கு அடுத்தது அளவு. கடையில் விரலளவாய் நிற்கும் ஆஸ்கர் முழு வளர்ச்சியில் ஓரடியை எட்டும். நம் தொட்டியில் அது திரும்பவும் இடமில்லை. ஏஞ்சலின் உடலைவிடத் துடுப்பு உயரம். அதற்கு ஆழமான தொட்டி வேண்டும். அதிருஷ்டம் தரும் என்று பலர் பெரும் பொருள் கொடுத்து வாங்கும் ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் இல்லாத கலப்பினம். 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. அது தனியே வாழும், பிறரைக் கொல்லும். அதிருஷ்டம் பற்றி நாம் கூற ஒன்றுமில்லை. மலாவி மீன்களை நெருக்கமாக விட்டால் சண்டை ஒருவர் மேல் விழாமல் பலர் மேல் பரவும் என்று வல்லுநர் செய்யும் உபாயம் ஒன்று உண்டு. அது நாலடி, ஐந்தடித் தொட்டிக்கே பொருந்தும்.

நிற்க. சிறு தொட்டிக்கு உகந்தவை எவை? முதலில் உங்கள் வீட்டு நீரை அறியுங்கள். நம் குடியிருப்பில் ஆழ்குழாய்க் கிணற்று நீர். சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெண்படலம் படியும். ஆதலின் வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ராம் மீன், இரண்டங்குலமே உள்ள பேரழகாயினும், நமக்கு ஆகாது. அது மென்மையான நீரையும் 28 டிகிரி அளவு வெப்பத்தையும் விரும்பும். மென்னீர் உள்ள வீட்டார் அதில் ஓர் இணையை வைக்கலாம். தாங்கனிக்கா ஏரியில் நத்தையோடுகளினுள் குடியிருக்கும் குறுமீன்கள் உண்டு. கடின நீருக்கு அவை மிகப் பொருந்தும். மணலில் வெற்று நத்தையோடுகளைப் பரப்பி வைத்தால் போதும். நாம் தேடிய நாளில் அவை கிடைக்கவில்லை. தென்னகத்துக்கும் இலங்கைக்கும் உரிய ஆரஞ்சு குரோமைடின் மீதும் நமக்கு ஆசை. தாயகத்து மீனன்றோ! காயல்களில் அது கரிமீனின் உடலைத் துப்புரவு செய்யும். வாய்ப்பு நேர்ந்தால் அதன் முட்டையையும் உண்ணும். உறவு என்பது அத்தகையது. ஆனால் கூட்டமாக வாழும் அம்மீனுக்கு மூன்றடித் தொட்டியேனும் வேண்டும்.

இறுதியில் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் கிரிபென்சிஸ் மீன் ஓர் இணை வாங்கினோம். நைஜீரியா நாட்டு நீரோடைகளுக்கு உரியது. ஆண் நான்கங்குலம் வளரும்; பெண் அதனினும் சிறிது. ஓரளவு கடின நீரைப் பொறுக்கும். பெண்ணின் வயிறு பருத்து நாவற்பழ நிறம் காட்டும். ஆணின் முதுகுத் துடுப்பு கூர்ந்து நீளும். இரண்டு ஆணை வாங்கிவிட்டால் மீண்டும் பழைய கதைதான். எனவே கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாது நேரே உற்று நோக்கிப் பொறுக்குக.

இம்முறை அவசரப்படவில்லை. முன்பு நீர் நிரப்பிய மறுநாளே மீன் விட்டோம், அதுவும் பெரும்பிழை. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பின்னர் வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். கொல்கத்தாவின் மார்கழி, தை இரவுகளில் நீர் குளிர்ந்துவிடும். 50 வாட் ஹீட்டர் ஒன்று வைத்து, 25 டிகிரி அளவில் காக்கிறோம்.

தொட்டியின் அடியில் இரண்டு கொட்டாங்கச்சிகளை, ஓரத்தில் சிறு வாசல் குடைந்து, கவிழ்த்து வைத்தோம். நாருரித்து, பல நாள் ஊறவைத்து, கறை நீங்கும்வரை நீர் மாற்றிய பின்னரே இடுதல் வேண்டும். இணை ஒன்றனுள் புகுந்து வீடாக்கிக்கொண்டது. மேல்நீரில் ஓட, இந்த வங்க நாட்டுக்கே உரிய வரிமீன்கள் ஆறு விட்டோம். ஜீப்ரா என்று கேட்டால் தருவார்கள். அவை விரைவோட்டக்காரர், அடியில் வாழும் இணை துரத்தினாலும் பிடிபடா. வேறு சிக்லிட் எதுவும் இல்லை. இரண்டடித் தொட்டி ஓர் இணைக்கே சொந்தம்.

பழைய ஆஸ்கர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குடியிருப்புக் குளத்தில் விட்டுவிடலாம் என்றார் அண்டை வீட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நாம் இசையவில்லை. ஜிலேபி கெண்டை இந்நாட்டுக்கு 1952இல் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஊர்க் குளத்துச் சிறுமீன்களுக்கு அமேசான் பகைவனை ஏன் அனுப்ப வேண்டும்? ஐந்தடித் தொட்டி உடைய சங்க அன்பர் ஒருவர் அதனை ஏற்றுக்கொண்டார். எஞ்சிய ஏஞ்சலும் மஞ்சள் மீனும் கடைக்கே திரும்பின, பணம் வரவில்லை.

சென்ற மாதம் கொட்டாங்கச்சிக்குள் பெண்மீன் முட்டையிட்டது. ஆண் வாசலில் காவல் நின்றது. ஏறத்தாழ பத்து நாளில், தாயின் பின்னே கடுகளவுக் குஞ்சுகள் மேகம்போல் வெளிவந்தன. வரிமீன்கள் சிலவற்றை உண்டுவிட்டன. மகள் எண்ண முயன்று நாற்பதில் தவறவிட்டு, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். நம் தொட்டியோ இவ்வளவையும் தாங்காது. அரையங்குலம் வளர்ந்ததும் சங்க அன்பர்களுக்கு வழங்க எண்ணியுள்ளோம். ஆண் பெண் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகும். ஆதலின் ஐந்தாறாகப் பெற்றுச் சென்று, இணை சேர்ந்தபின் மற்றவற்றைத் திருப்பித் தரலாம். கேட்க விரும்புவோர் மூடியுள்ள பாத்திரம் ஒன்றுடன் அடுத்த கூட்டத்துக்கு வருக.