ஹவாயிலிருந்து கோவா வரை: டிரையத்லானின் அன்றும் இன்றும்

1978 பிப்ரவரி 18. ஹவாயின் ஓவாஹு தீவில், வைகிக்கி கடற்கரையிலிருந்து பதினைந்து ஆண்கள் கடலில் இறங்கினார்கள். 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் உருவாக்கிய அயர்ன்மேன் டிரையத்லான் பந்தயம் அது. நீந்துகிறவர், ஓடுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் மூவரில் யாருக்கு உடல்வலு அதிகம் என்று நண்பர்களுக்குள் நடந்த வாக்குவாதத்தில் பிறந்தது. தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். சைக்கிள் பாதையில் மட்டும் மூன்று மைல் குறைத்தார்கள். அது முடிகிற இடத்திலேயே மாரத்தான் தொடங்க வேண்டும் என்பதுதான் காரணம்.

வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. அவரவர் தண்ணீரையும் உணவையும் அவரவர் நண்பர்கள் காரில் கொண்டுவர வேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பரின் நண்பர்களிடம் ஒரு கட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, அவருக்கு பீர் கொடுத்தார்கள். கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் முடித்தார்கள். பெண்கள் யாரும் இல்லை. அடுத்த ஆண்டு லின் லெமேர் என்ற ஒரே ஒரு பெண் கலந்துகொண்டு, ஆண்களோடு சேர்த்துக் கணக்கிட்டு ஐந்தாவதாக வந்தார்.

இன்று தூரம் அப்படியே இருக்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் இதே தூரத்தை ஹவாயில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் கடந்தார். முதல் வெற்றியாளரைவிட நான்கு மணி நேரத்துக்கும் மேல் குறைவு. சைக்கிளும் காலணியும் மாறியதைச் சொல்லலாம், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்று எண்ணிச் சாப்பிடுவதைச் சொல்லலாம். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது, அங்கே வந்து நிற்கிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதுதான்.

தொடக்கத்தில் இது உள்ளூர்ப் போட்டி. 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி படம்பிடிக்க வந்தது. 1981-இல் போட்டி ஹவாயின் மிகப் பெரிய தீவிலுள்ள கைலுவா-கோனா என்ற சிற்றூருக்கு மாறியது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் கறுத்து இறுகிய எரிமலைக் குழம்பு, நடுவில் நிழலே இல்லாத நெடுஞ்சாலை, பக்கவாட்டில் வீசும் காற்று. 1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற 23 வயதுப் பெண் முதலிடத்தில் ஓடிவந்து, முடிவுக் கோட்டுக்கு மிக அருகே கால்கள் துவண்டு விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் வென்றார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வென்றவரைவிட 29 விநாடிதான் பின்னால். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் உலகமெங்கும் உண்டு.

அதன்பின் வெளிநாட்டவர் அதிகமாக வரத் தொடங்கினார்கள். கனடாவின் சில்வியான் புன்டூஸ் 1983-இல் பெண்கள் பட்டத்தை வாங்கிப் போனார். ஜிம்பாப்வேயின் பவுலா நியூபி-ஃப்ரேசர் எட்டு முறை வென்றார். ஆண்களில் அமெரிக்கர் அல்லாத ஒருவர் வெல்ல 1994 வரை ஆனது. அவர் ஆஸ்திரேலியாவின் கிரெக் வெல்ச். இரண்டு ஆண்டு கழித்து பெல்ஜியத்தின் லுக் வான் லியர்டே வந்தார். 2025-இல் நிலைமை முழுக்கத் திரும்பிவிட்டது: பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆண்கள் உலகப் போட்டியில் முதல் மூன்று இடமும் நார்வேக்காரர்களுக்கு. கோனாவில் நடந்த பெண்கள் போட்டியிலும் நார்வேயின் சோல்வெய்க் லோவ்செத் முதலிடம். குளிர் நாட்டுக்காரர்கள் வெயில் நாட்டுப் பந்தயத்தை இப்படி எடுத்துக்கொண்டதில் வியப்புக்கு இடமிருந்தாலும் மர்மம் எதுவுமில்லை. பயிற்சியின்போதே, கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவைச் சோதித்து, அதை வைத்தே வேகத்தை முடிவு செய்யும் முறையைப் பல ஆண்டு விடாமல் பின்பற்றினார்கள். பயிற்சியில் செய்த பொறுமையான வேலை பந்தயத்தில் பலன் கொடுத்தது.

ஆட்கள் பெருகியதில் கோனா திணறியது. 2022-இல் ஐயாயிரம் பேருக்கும் மேல் திரண்டார்கள். போட்டியை இரண்டு நாளாகப் பிரித்தும் அந்தச் சிற்றூரால் தாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஆண்கள் ஓரிடம், பெண்கள் ஓரிடம் என்று கோனாவுக்கும் நீஸுக்கும் மாற்றி மாற்றிப் பிரித்தார்கள். 2026-லிருந்து மறுபடி எல்லோருக்கும் கோனா, ஒரே நாள் என்று அறிவித்தார்கள். பெண்களுக்கென்று தனி நாளும் தனிக் கவனமும் கிடைத்த அந்த மூன்று ஆண்டுகள் இந்த விளையாட்டுக்கு நல்லதே செய்தன என்பது என் எண்ணம். அது கைநழுவிப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து இந்தப் போட்டிகளுக்குப் போகிறவர்களின் அன்றைய நிலையை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. அனு வைத்தியநாதன் 2009-இல் கனடாவின் அல்ட்ராமேன் போட்டியை முடித்தார். மூன்று நாளில் 10 கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். அந்தக் காலத்தில் இங்கே டிரையத்லான் என்றால் என்னவென்று விளக்கிவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும். பந்தய சைக்கிள் விற்கும் கடைகள் மிகக் குறைவு. ஒரு டியூபோ செயினோ வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவைக்க வேண்டும். 2015-இல் நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பது வயதை நெருங்கும்போது சூரிச் அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். செய்தித்தாள்களில் அது வந்தபிறகுதான் நம் வீடுகளில் அயர்ன்மேன் என்ற பெயர் புழங்க ஆரம்பித்தது.

அன்று போனவர்களை முதலில் அதிரவைத்தது தண்ணீர். சென்னைக் கடல் பெரும்பாலான மாதங்களில் 27, 28 டிகிரிக்குக் குறையாது. ஐரோப்பிய ஏரிகளில் கோடையிலும் 20 டிகிரிக்குக் கீழே இருப்பது சாதாரணம். அந்தக் குளிரில் முகத்தை வைத்ததும் நெஞ்சு இறுகி, மூச்சு தாறுமாறாகும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முதல் சில நிமிடம் நீந்த மறந்ததுபோல் தவிப்பார். அதற்காகத்தான் குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட். தண்ணீர் 24.5 டிகிரி வரை இருந்தால் அயர்ன்மேன் விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் வெட்சூட்டைப் போட்டுப் பழக நம் ஊரில் குளிர்ந்த நீர் எங்கே? பந்தயத்துக்கு முந்தைய நாள் முதன்முறையாக அணிந்து, கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கிறதே என்று பயந்தவர்கள் உண்டு. அதோடு அன்று துப்பாக்கி வெடித்ததும் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் பாய்வார்கள். முழங்கையும் குதிகாலும் முகத்தில் படும். இப்போது பெரும்பாலான இடங்களில் சிலர் சிலராகத்தான் இறக்கிவிடுகிறார்கள். கோனாவிலேயே 2019 முதல் வயதுப் பிரிவு வாரியாக அலை அலையாக அனுப்பத் தொடங்கினார்கள். இந்த விளையாட்டில் நிகழ்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை நீச்சலில்தான் நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே பழைய கூட்டப் பாய்ச்சலின் பரபரப்பு போய்விட்டதே என்று ஏங்குகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

இன்று இறங்குகிறவருக்கு வழி எவ்வளவோ தெளிவு. கையில் ஜிபிஎஸ் கடிகாரம், தொலைவில் இருந்தபடியே அட்டவணை அனுப்பும் பயிற்சியாளர், வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போய்வந்த பத்துப் பேர். நீஸ் போட்டியின் சைக்கிள் பாதை மலைமேல் ஏறுகிறது, மொத்த ஏற்றம் 2,400 மீட்டர் அளவுக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் சமதளத்தில் விடியற்காலையில் மிதித்துப் பழகியவருக்கு அது வேறு உலகம். அவர் இன்று ஏலகிரியின் பதினான்கு வளைவுகளிலோ கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலோ ஏறிப் பழகுகிறார். முடியாத நாளில் வீட்டு அறையில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினரில் சைக்கிளைப் பொருத்தி, அந்த பிரெஞ்சு மலையையே திரையில் வைத்து மிதிக்கிறார். அன்று வீட்டார் போன் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தார்கள். இன்று காலில் கட்டிய சிப், கடக்கிற ஒவ்வொரு இடத்தையும் அவர்களுடைய போனுக்குச் சொல்லிவிடுகிறது. அடுத்த இடத்தில் நேரம் வரத் தாமதமானால் அடிவயிறு கலங்குவது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

போட்டிகளும் பக்கத்தில் வந்துவிட்டன. 2018-இல் கொழும்பில் அரை அயர்ன்மேன் நடந்தது. 2019 அக்டோபரில் கோவாவின் மிராமார் கடற்கரைக்கு வந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். கொரோனாவால் இரண்டு ஆண்டு நின்று, 2022-இல் மறுபடி தொடங்கியது. முழுத் தூரம் வேண்டுமென்றால் மலேசியாவின் லங்காவி இருக்கிறது. வெயிலும் புழுக்கமும் நமக்குத் தெரிந்தவை, தண்ணீர் வெதுவெதுப்பு, 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசாவும் வேண்டியதில்லை. தமிழ் பேசிச் சாப்பிட மலேசியாவில் இடம் கிடைப்பதும் பந்தயத்துக்கு முந்தைய நாள் வயிற்றுக்குச் சின்ன விஷயமல்ல.

இவ்வளவும் ஏறுமுகம். இறங்குமுகத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

முதலில் விசா. போட்டிக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், விசா பிறகுதான் தெரியும். மறுத்துவிட்டால் பணம் பெரும்பாலும் திரும்பாது. 2022, 2023 ஆண்டுகளில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகங்களில் சுற்றுலா விசா நேர்காணலுக்கே ஐந்நூறு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. உலகப் போட்டிக்கான இடமோ பலருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கைக்கு வரும். அதே போட்டிக்குத் தகுதி பெறும் நார்வேக்காரர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பிவிட்டு விமானம் ஏறுகிறார். நீந்தி, மிதித்து, ஓடிச் சம்பாதித்த இடத்தைப் பாஸ்போர்ட்டின் நிறம் பறிப்பது கொடுமை. இதை விளையாட்டு அமைப்புகள் உரக்கப் பேச வேண்டும்.

அடுத்து பணம். கோனாவின் கட்டணம் மட்டும் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. விமானம், தங்குமிடம், சைக்கிள், வெட்சூட் எல்லாம் அதற்குமேல். 1978-இல் இருக்கிற சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் முடித்த பந்தயம் இன்று நம்மூரில் நல்ல சம்பளக்காரர்களின் விளையாட்டாகிவிட்டது. கோவாவில் நடந்த முதல் போட்டியில் மொத்தத்தில் முதலாவதாக வந்தவர் பிஷ்வோர்ஜித் சாய்கோம் என்ற இந்தியர். அப்படிப்பட்ட கால்கள் நம் கிராமங்களிலும் மீனவக் குப்பங்களிலும் எத்தனையோ இருக்கின்றன. அவர்களைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும் வழி மட்டும் இன்னும் இல்லை.

பிறகு அந்தப் பெட்டி. சைக்கிளின் சக்கரத்தையும் பெடலையும் ஹேண்டில்பாரையும் கழற்றி, நுரைப்பஞ்சு சுற்றி, பெட்டியில் அடைத்து விமானத்தில் போட வேண்டும். காற்றடிக்கும் சிறு வாயுக் குப்பிகளைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. இறங்கிய பின் பெல்ட்டில் எல்லோருடைய பெட்டியும் வந்து, அந்தப் பெட்டி மட்டும் வராமல் போனால் ஒரு வருடப் பயிற்சி அந்த மண்டபத்திலேயே நின்றுவிடும். பெட்டி வந்தாலும் வானிலை கைவிடலாம். அலை பெரிதென்றால் நீச்சலைக் குறைப்பார்கள், சில சமயம் ரத்தே செய்வார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சென் நதியின் தண்ணீர் சுத்தமாக இல்லை என்று ஆண்கள் போட்டியையே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். ஒலிம்பிக் வீரர்கள் மறுநாள் நீந்தினார்கள். திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியவருக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் போகிறார்கள் என்றால், ஹிரோமு இனாடாவைச் சொல்வேன். ஜப்பான்காரர். எழுபது வயதில் முதல் டிரையத்லான். 2015-இல் 82 வயதில் கோனாவில் நாள் முழுக்கப் போராடி, 17 மணி நேர எல்லையைச் சில விநாடிகளில் தவறவிட்டார். கோட்டின் அருகே விழுந்து எழுந்து வந்தும் அவருடைய பெயர் முடித்தவர் பட்டியலில் ஏறவில்லை. மறுபடி ஜப்பானிலிருந்து கடல் தாண்டி வந்தார். 2018-இல் 85 வயதில் 16 மணி 53 நிமிடத்தில் முடித்தார். 2025-இல் அதே கோனாவில் 80 வயது நடாலி கிராபோ எல்லைக்குள் முடித்தார், அந்த வயதில் அதைச் செய்த முதல் பெண். நள்ளிரவுக்கு முந்தைய அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில், பிற்பகலிலேயே வென்று குளித்துச் சாப்பிட்டுவிட்ட சாம்பியன்கள் திரும்பிவந்து, கடைசியாக வருகிறவர்களுக்குக் கைதட்டுகிறார்கள். 1978-இல் வென்றவரும் கடைசியில் வந்தவரும் ஒரே கூட்டத்தில் நின்ற அந்த நெருக்கத்தில் மிச்சமிருப்பது இதுதான், இது போகக்கூடாது.

போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டணம் கட்டுவதற்கு முன் விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். முதல் பந்தயத்துக்குக் கோவாவோ லங்காவியோ போதும், ஐரோப்பா பிறகு. விலை உயர்ந்த சைக்கிளை வாங்குவதற்கு முன் குளத்தில் தொடங்கி, தெரிந்தவர் துணையோடு கடலில் நீந்திப் பழகுங்கள். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நடாலி கிராபோ நீச்சல் கற்றுக்கொண்டது 59 வயதில்.